ஒருசேர முடுக்கம்

மேல்நிலை முதலாண்டு இயற்பியல் படித்த எவரும் இந்தக் கணக்கைச் சந்தித்திருப்பார்கள். வழவழப்பான கிடைத்தளத்தின் மீது இரண்டு கட்டைகள். ஒன்றின் நிறை 3 கிலோ, மற்றதன் நிறை 2 கிலோ. இரண்டையும் எடையற்ற ஒரு சுருள்வில் இணைக்கிறது. வில்லின் மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன். 3 கிலோக் கட்டையை 10 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். இரண்டும் ஒருசேர முடுக்கமடைகின்றன எனில், வில்லின் நீட்சி யாது?

இலக்கியப் பக்கங்களில் இயற்பியல் கணக்குக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கவிதையில் ஒரு சொல் இடம் மாறினால் பொருள் மாறுவதைப் பற்றி நாம் இங்கே பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறோம். மேற்கண்ட வினாவிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. ‘ஒருசேர’ என்பதே அது. அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதை ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டை என்ற ஊரில் ஒரு மாணவியோடு உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். இரண்டு கட்டைகளும் ஒரே முடுக்கத்தில் போகின்றன என்பதால் அவற்றை ஒரே பொருளாகக் கொள்ளலாம். மொத்த நிறை 5 கிலோ, விசை 10 நியூட்டன். ஆகவே முடுக்கம், வினாடி வர்க்கத்துக்கு 2 மீட்டர். இனி பின்னாலுள்ள கட்டையை மட்டும் தனியே எடுத்துக்கொள்வோம். அதைக் கிடைத்திசையில் தொடுவது வில் ஒன்றுதான். 2 கிலோவை 2 மீட்டர் முடுக்கத்தில் கொண்டுபோக 4 நியூட்டன் வேண்டும். ஆக, வில் 4 நியூட்டனால் இழுக்கிறது. 200-ஆல் வகுத்தால் நீட்சி 2 சென்டிமீட்டர். முதலில் கூட்டாகப் பார்ப்பது, பிறகு ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது. இவ்வகைக் கணக்குகள் அனைத்துக்கும் வழி இந்த இரண்டு படிதான்.

பெரும்பாலான பிள்ளைகள் 5 சென்டிமீட்டர் என்றே முதலில் எழுதுவார்கள். பத்து நியூட்டனால் இழுக்கிறோம், எனவே வில்லிலும் பத்து நியூட்டன் இருக்கும் என்ற எண்ணம். அந்த எண்ணம் இயல்பானது. இழுப்பவரின் வலிமை முழுவதும் இழுபடும் கயிறெங்கும் அப்படியே ஓடும் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் முன்கட்டை தன்னை நகர்த்திக்கொள்ளவே 6 நியூட்டனைச் செலவழித்துவிடுகிறது. எஞ்சிய நாலுதான் வில்லுக்கு வந்து சேர்கிறது. வில்லுக்குத் தெரிவது தனக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமே. இதே கட்டைகளைத் திருப்பிவைத்து 2 கிலோவைப் பிடித்து இழுத்தால், முடுக்கம் அதே 2 மீட்டர்தான். ஆனால் இப்போது வில்லுக்குப் பின்னால் 3 கிலோ. நீட்சி 3 சென்டிமீட்டராகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு ஊர்வலமும் ஒன்றுபோலவே இருக்கும். நடுவிலிருக்கும் வில்லுக்குத்தான் வேறுபாடு தெரியும்.

சேலம் சந்திப்பில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு இரும்பில் நிற்பதைக் காணலாம். ஓர் எஞ்சினும் அதன் பின்னால் தலா 40 டன் எடையுள்ள இருபது பெட்டிகளும் இருப்பதாகக் கொள்வோம். முடுக்கம் 0.1 மீட்டர் என்றால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், எஞ்சினை ஒட்டிய இணைப்பு 80,000 நியூட்டனைத் தாங்கவேண்டும். கடைசிப் பெட்டியின் இணைப்பு தாங்குவது 4,000 மட்டுமே. இருபது மடங்கு வேறுபாடு. ஆனால் எல்லா இணைப்புகளும் ஒரே அளவில்தான் செய்யப்படுகின்றன, ஏனெனில் எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1955-ல் தொடங்கப்பட்ட பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை பல பத்தாண்டுகள் கட்டிய பழைய வகைப் பெட்டிகளில் நடுவே திருகு இணைப்பும் இருபக்கமும் வில் வைத்த பஃபர்களும் இருந்தன. அந்த வகையின் கடைசிப் பெட்டி 2018-ல் வெளிவந்தது. அதன்பின் வரும் எல்.எச்.பி. பெட்டிகளில் நடுவிலேயே இணைப்பும் தாங்கியும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. இவ்வகை வண்டிகள் புறப்படும்போதும் நிற்கும்போதும் வெட்டி இழுப்பதாகப் பயணிகள் குறைப்பட்டுக்கொண்டதும், அதற்காக இணைப்புக்குள் இருக்கும் தாங்கியின் அமைப்பை ரயில்வே மாற்றியதும் பலருக்கு நினைவிருக்கும். மேல் படுக்கையில் உறங்கியவரை எழுப்பிவிட்ட அந்த வெட்டு என்ன? நம் பாடநூல் ‘ஒருசேர’ என்ற சொல்லால் மூடிவைத்த விஷயம்தான் அது.

மஞ்சக்குட்டைக்கு நான் குடிபோனது 2020-ல், பணி ஓய்வுக்குப் பின். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கிருந்து பிரிந்து செல்லும் சிற்றூர்களில் ஒன்று இது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பிருந்தே இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று அவர்களே பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. தமிழே அவர்கள் மொழி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், நிழலில் காப்பிச் செடி நிற்கும். காப்பிப் பழம் சிவக்கும் மாதங்களில் ஊரில் பகலில் ஆள் பார்க்க முடியாது.

2021-ல் தொற்றுக் காலத்தின் காரணமாகப் பள்ளிகள் மூடிக்கிடந்தன. வகுப்பு கைப்பேசிக்கு மாறியிருந்தது, கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்க மேட்டில் இருக்கும் ஒரு பாறைக்குப் போகவேண்டியிருந்தது. பாறையில் குடைபிடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் மூன்று பேர் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். பெயர் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். அப்பா இல்லை.

மேற்சொன்ன கணக்கை அவள் சரியாகவே போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன யோசிக்கிறே?” என்றேன்.

“இல்லீங்க சார், இழுத்த ஒடனே ரெண்டும் ஒண்ணா கெளம்பிருமா? எங்கம்மாகூடத் தோட்டத்துல எடை போடப் போவேனுங்க. மூட்டையக் கொக்கில மாட்டி விட்டதும் முள்ளு மொதல்ல எகிறுமுங்க. அப்பறம் மேல கீழ ஆடும். அப்பறந்தான் நிக்கும். இதுலயும் அப்படித்தானே இருக்கணும்?”

பாடநூலில் இல்லாத வினா. சுருள்வில் தராசில் நாளெல்லாம் பறித்த பழத்தை நிறுத்தி, முள் எங்கே நிற்கிறதென்று கண்கொட்டாமல் பார்த்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு மட்டுமே எளிதில் தோன்றக்கூடிய வினா. எடைபோடுபவர் அவசரப்பட்டு முள் கீழே இறங்கிய நேரத்தில் எண்ணைப் படித்துவிட்டால் அம்மாவின் கூலியில் குறையும். “முள்ளு நிக்கட்டுமுங்க” என்று சொல்வதற்காகத்தான் அம்மா அவளைக் கூட அழைத்துப் போவாராம்.

அன்று மாலை முழுவதும் அந்த ஆட்டத்தைத்தான் கணக்கிட்டோம். இழுக்கத் தொடங்கும் கணத்தில் வில் இயல்பான நீளத்தில் இருக்கிறது. அதற்குள் விசையே இல்லை. ஆகவே 10 நியூட்டன் முழுவதும் முன்கட்டைக்கே சேர்கிறது. அதன் முடுக்கம் 3.33. பின்கட்டையின் முடுக்கம் பூச்சியம். அதற்கு இழுக்கப்பட்ட செய்தியே இன்னும் வந்து சேரவில்லை. முன்கட்டை விலக விலக வில் நீள்கிறது. நீட்சி 2 சென்டிமீட்டரைத் தொடும்போது இரண்டின் முடுக்கமும் சமமாகின்றன. ஆனால் அங்கே நின்றுவிடுவதில்லை. அதற்குள் முன்கட்டையின் வேகம் பின்கட்டையின் வேகத்தைவிடக் கூடியிருக்கிறது. எனவே வில் மேலும் நீண்டு 4 சென்டிமீட்டருக்குப் போகிறது. சரியாக இரண்டு மடங்கு. இப்போது வில்லில் 8 நியூட்டன். பின்கட்டையின் முடுக்கம் 4-க்கு எகிறுகிறது, முன்கட்டையினுடையது 0.67-க்குச் சரிகிறது. பிறகு வில் சுருங்குகிறது, மறுபடி நீள்கிறது. இந்த எண்களுக்கு ஓர் ஆட்டத்தின் காலம் ஏறத்தாழ அரை வினாடி.

இவ்வளவு தள்ளாட்டத்துக்கும் நடுவே ஒன்று மட்டும் மாறாமலிருக்கிறது. இரண்டு கட்டைகளின் நிறை மையம் தொடக்கக் கணத்திலிருந்தே 2 மீட்டர் முடுக்கத்தில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நூல் கேட்ட விடை அந்தக் கற்பனைப் புள்ளிக்கு முதல் கணத்திலிருந்தே பொருந்தும். உண்மையான கட்டைகளுக்கு அது பொருந்த வேண்டுமென்றால், வில்லின் உள்ளுராய்வும் காற்றும் அந்த ஆட்டத்தைச் சிறிது சிறிதாகத் தின்று தீர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். ‘ஒருசேர’ என்பது தொடக்க நிலை அல்ல, ஆடி ஓய்ந்த நிலை.

ஆட்டமே இல்லாமல் புறப்பட வழி இல்லையா என்று அடுத்துக் கேட்டாள். இருக்கிறது. மூட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை எடுக்காமல் மெல்ல மெல்லத் தளர்த்தினால் முள் எகிறாது, போய்ச் சேரவேண்டிய எண்ணில் போய் நிற்கும். விசையை ஒரேயடியாகக் கொடுக்காமல், வில்லின் ஆட்ட காலத்தைவிட நிதானமாகக் கூட்டிக்கொண்டு போனால் கட்டைகளும் வெட்டாமல் கிளம்பும். நல்ல ரயில் ஓட்டுநர் படிப்படியாக இழுவையைக் கூட்டுவது இதற்காகத்தான்.

தமிழில் ‘வில்’ என்ற ஒரே சொல்லை அம்பெய்யும் கருவிக்கும் சுருளுக்கும் வைத்திருக்கிறோம். மாட்டுவண்டியின் அடியில் எஃகுப் பட்டைகளை அடுக்கியபோது அதற்கு வில்வண்டி என்று பெயர் வந்தது. வளைத்தால் வளைந்து, வளைத்த அளவை மறக்காமல் வைத்திருப்பது வில். நீட்சியும் விசையும் ஒரே விகிதத்தில் வளரும் என்பதை ராபர்ட் ஹூக் 1676-ல் எழுத்துக்களைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678-ல் விடையை அவிழ்த்தார். அதே காலத்தில் கைக்கடிகாரத்தின் சுருள்வில்லுக்காக அவருக்கும் ஹைகன்ஸுக்கும் உரிமைச் சண்டை நடந்துகொண்டிருந்தது. வில்லின் நினைவாற்றலுக்கு அன்றே அவ்வளவு மதிப்பு.

அந்த ஆண்டு காப்பி பறிப்புத் தொடங்கியதும் அவள் வருவது குறைந்தது. டிசம்பரில் முற்றிலும் நின்றுவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவர் பறித்தால்தான் வீடு நடக்கும் என்றார்கள். பள்ளி திறந்திருந்த நாட்களிலும் அவள் தோட்டத்தில்தான் இருந்தாள். பிப்ரவரியில் திண்ணைக்குத் திரும்பி வந்தபோது மற்ற இருவரும் வெகுதூரம் போயிருந்தார்கள். என்னைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர், பல ஆண்டுகள் நுழைவுத்தேர்வுப் பயிற்சி கொடுத்தவர், அவளுடைய மாதிரித் தேர்வுத் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். மூன்று தாள்களிலும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண். “முயற்சி போதவில்லை. மூன்று தேர்விலும் அசையவே இல்லையே” என்று அவள் காதில் விழும்படியே சொன்னார். அவள் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் நான் சாய்தளக் கணக்கை எடுத்தேன். அதே இரண்டு கட்டைகள், அதே வில், அதே 10 நியூட்டன். தளம் மட்டும் சாய்ந்திருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். பாதையில் பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் என்றால், எடையின் சரிவுக் கூறு 5 நியூட்டன் பின்னுக்கு இழுக்கும். மீதி 5 நியூட்டன். முடுக்கம் 1 மீட்டராகக் குறைந்துவிடும். வில்லின் நீட்சி?

முடுக்கம் பாதியானதால் நீட்சியும் பாதியாகும் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். அவள் பின்கட்டையைத் தனியே வரைந்தாள். 2 கிலோவை 1 மீட்டர் முடுக்க 2 நியூட்டன். அதன் சரிவு எடையைத் தாங்க இன்னொரு 2 நியூட்டன். மொத்தம் 4. நீட்சி அதே 2 சென்டிமீட்டர். நம்பாமல் ஏற்றத்தை இரட்டித்தாள். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர். இப்போது சரிவு எடை 10, இழுவிசையும் 10. முடுக்கம் பூச்சியம். நிறுத்திவைத்த கட்டைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். பின்கட்டையைத் தாங்க வேண்டியது 4 நியூட்டன். நீட்சி மறுபடியும் 2 சென்டிமீட்டர். தளத்தில் உராய்வு இருந்து, அதன் குணகம் இரு கட்டைகளுக்கும் ஒன்றாக இருந்து, கட்டைகள் வழுக்கிக்கொண்டிருந்தால் அங்கேயும் இதே விடைதான். இழுவிசை எவ்வளவோ அதில் ஐந்தில் இரண்டு பங்கு வில்லில். ஏற்றமோ சமதளமோ வில்லுக்குத் தெரியாது.

அவள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “அசையலைன்னு சொன்னாருங்களே சார். வில்லைப் பாக்கலீங்களே அவரு.”

நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை. தேர்வுகள் முடுக்கத்தை அளக்கின்றன. சமதளத்தில் ஓடும் பிள்ளைக்கும் ஏற்றத்தில் நிற்கும் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். சமதளத்தில் 2 மீட்டர் முடுக்கம் தரும் அதே விசை, ஐந்துக்கு ஒன்று ஏற்றத்தில் ஒருவரைச் சறுக்காமல் நிறுத்திவைப்பதற்கே செலவாகிவிடுகிறது. நின்ற இடத்தில் நிற்பதற்கே ஒருத்தி முழு விசையையும் போட்டுக்கொண்டிருக்கலாம் என்பது உவமை அல்ல, கணக்கு. உவமைகளை நாம் ஐயுறலாம், ஐயுறவும் வேண்டும். மனிதர்கள் கட்டைகள் அல்லர், குடும்பம் சுருள்வில் அன்று. ஆனால் அசைவை மட்டும் வைத்து விசையை அளவிடாதே என்ற எச்சரிக்கை, நியூட்டனின் இரண்டாம் விதியைச் சரியாகப் படித்த எவரும் ஏற்றுக்கொள்ள வேண்டியது. அந்த விதியில் இருப்பது நிகர விசை. ‘நிகர’ என்ற அடைமொழியை விட்டுவிட்டுப் படித்தால்தான், அசையாதவர் முயலாதவர் என்ற முடிவுக்கு வருவோம்.

இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. அதையும் அவள்தான் எழுப்பினாள். முன்னால் போகும் கட்டை பின்னாலிருப்பதை இழுக்கிறது என்றால், பின்னாலிருப்பதும் அதே அளவு முன்கட்டையைப் பின்னுக்கு இழுக்கிறதல்லவா? ஆம், அதே 4 நியூட்டன். வில்லை அறுத்துவிட்டால்? சமதளத்தில் முன்கட்டை 3.33 முடுக்கத்தில் பறக்கும். பின்கட்டை அதுவரை பெற்ற வேகத்தோடு போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஏற்றத்தில் அறுத்தால், பின்கட்டை சறுக்கிக் கீழே போய்விடும். “அங்க மட்டும் அறுக்கக்கூடாதுங்க சார்” என்றாள். அம்மாவின் முழங்காலைப் பற்றி அப்போது நாங்கள் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் இருவருக்கும் புரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு பறிப்புக் காலத்தில் அவளே ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். வாரத்தில் இரண்டு நாள் தோட்டம், மற்ற நாட்கள் பள்ளி. ஒரேயடியாக நிறுத்துவதும் ஒரேயடியாகத் திரும்புவதும் இல்லை. மூட்டையைக் கைத்தாங்கலாக விடுவதுபோல என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது. 2023 மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதினாள். மருத்துவம், பொறியியல் என்று பத்திரிகையில் படம் வரும் மதிப்பெண் அல்ல. சேலத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் இளங்கலையில் இடம் கிடைத்தது. பாடம் ஆங்கிலத்தில் நடந்ததால் முதல் பருவத்தில் இரண்டு தாள்கள் போயின. அடுத்த பருவத்தில் அவற்றை எழுதித் தேறினாள். கூடப் படித்த ஒரு தோழி அந்த முதல் பருவத்திலேயே மலைக்குத் திரும்பிவிட்டாள். புறப்பட்ட புதிதில் வில் இரண்டு மடங்கு நீள்கிறது. அறுவதற்கு வாய்ப்பு அதிகமான கணம் அதுதான். மலையிலிருந்து பிள்ளைகளை இறக்கிக் கல்லூரியில் சேர்க்கும் எவரும், சேர்த்த நாளைவிட முதல் ஆறு மாதங்களைத்தான் கவனிக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். உதவித்தொகை அந்த மாதங்களில் வந்து சேர்ந்தால் ஒரு பயன். ஆட்டம் ஓய்ந்தபின் வந்தால் வேறு பயன்.

நான் இப்போது மஞ்சக்குட்டையில் இல்லை. முழங்கால் எனக்கும் ஏற்றத்தை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. சென்ற முறை போனபோது அதே திண்ணையில் வேறு பிள்ளைகள் இருந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த அவள் அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகத்திலிருந்து எடுத்த கணக்கு அல்ல. மூன்று கட்டைகள், இரண்டு வில்கள், ஒரு சரிவு. கடைசி வரி இப்படி இருந்தது: ‘கட்டைகள் அசையவில்லை எனில், எந்த வில் அதிகம் நீண்டிருக்கிறது?’ ஒரு சிறுவன் அசையாவிட்டால் வில் எப்படி நீளும் என்று கேட்டான். அவள் உள்ளே போய் ஒரு தொங்கு தராசையும் அரைப்படி காப்பிக் கொட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.